தாய் இரை தேடப் போயிருக்கிறாள்

கணினி விளையாட்டில் காட்டுத் தாயாகப் பிழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் ஒரு பாடம், கோலசிலாங்கூர் குன்றிலும் செம்பனை வரிசைகளிலும் தினமும் நடக்கிறது

ஐந்து குட்டிகள் பின்னாலேயே வருகின்றன. தாய் மரத்தை முட்டி ஓர் ஆப்பிளை உதிர்க்கிறாள். யாருக்குக் கொடுப்பது? முன்னால் பாய்ந்து வருவது ஏற்கெனவே வயிறு நிறைந்த குட்டி. கடைசியாகத் தள்ளாடி வருவதன் நிறம் வெளிறிக்கொண்டே போகிறது. அதன் முனகல் காதில் விழுகிறது. பழத்தை அதன் முன்னால் போடுவதற்குள் இன்னொன்று கவ்விக்கொண்டு போய்விடுகிறது. அதற்குள் புல்வெளியில் கழுகின் நிழல் வட்டமிடுகிறது. அடுத்த புதர் மறைவுக்கு ஓடியாக வேண்டும். ஓடிச் சேர்ந்து, திரும்பிப் பார்த்து எண்ணினால் நான்குதான் இருக்கின்றன.

இது 'ஷெல்டர்' என்னும் கணினி விளையாட்டு. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரைச் சேர்ந்த மைட் அண்ட் டிலைட் நிறுவனம் 2013 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. இதை விளையாடுபவர் ஒரு தாய் பேட்ஜர். மண்ணில் வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு ஓடும் ஐரோப்பிய விலங்கு அது. கையில் ஆயுதம் கிடையாது. மதிப்பெண் கிடையாது. ஒரு வரி வசனமும் கிடையாது. இரவில் எங்கோ சுள்ளி முறிகிறது. ஒரு குட்டி மிரண்டு இருட்டுக்குள் ஓடுகிறது. பின்னால் போனால் மற்றவை தனியாகிவிடும். போகாவிட்டால் அது தொலைந்துவிடும். ஆறு வெள்ளம் புரண்டு வருகிறது. காடு தீப்பிடிக்கிறது. போன குட்டி போனதுதான். மிஞ்சியதைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

காட்டில் தாயாக இருப்பது என்றால் என்ன என்பதை இந்த விளையாட்டு ஒரே முடிச்சாக்கிக் காட்டுகிறது. இரை தேடப் போனால் காவல் இல்லை. காவலுக்கு நின்றால் இரை இல்லை. ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு நாளும் இந்த முடிச்சை அவிழ்த்தாக வேண்டும். வடசிலாங்கூரில், கோலசிலாங்கூர் கழிமுகத்திலிருந்து பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர் வரையிலான தோட்டங்களிலும் சதுப்புக் காட்டிலும் வாழும் தாய்களும் இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

குகையில் விட்டுப் போகும் தாய்

விலங்காகவே மாறி ஆடும் விளையாட்டுகளின் முன்னோடிகளில் ஒன்று 'உல்ஃப்குவெஸ்ட்'. அமெரிக்காவின் மினசோட்டா விலங்குக்காட்சி சாலையும் எடுவெப் நிறுவனமும் சேர்ந்து 2007இல் இதைக் கல்விக்காகவே வெளியிட்டன. களம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அங்கே 1995இல்தான் ஓநாய்கள் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன. ஆடுபவர் ஓர் ஓநாய். துணை தேடி, எல்லை வகுத்து, குகை பிடித்து, குட்டி வளர்க்க வேண்டும். தின்ற இறைச்சியைக் கக்கிக் குட்டிக்கு ஊட்டுவது வரை உள்ளது உள்ளபடி இருக்கும். ஓர் ஓநாய் வேட்டைக்குப் போகும்போது துணை குகையைக் காக்கும். கரடியும் கொயோட்டியும் கழுகும் காத்திருக்கும்.

'ஷெல்டர் 2' 2015 மார்ச்சில் வந்தது. இதில் தாய், லிங்க்ஸ் என்னும் குளிர்நாட்டுக் காட்டுப்பூனை. தொடக்கத்தில் குட்டிகளைக் குகையிலேயே விட்டுவிட்டுத்தான் அது முயல் பிடிக்கப் போக வேண்டும். இரை கிடைக்கும் வரை ஓடலாம்; ஆனால் தொலைவு கூடக் கூட ஆடுபவருக்கு மனம் குகையிலேயே இருக்கும். குட்டிகள் வளர்ந்த பிறகே தாயின் பின்னால் வரும். பனிக்காலத்தைத் தாண்டிப் பிழைத்த குட்டி அடுத்த தாயாகும். ஆடுபவர் அதன் குடும்ப மரத்தைப் பார்க்கலாம். 2021இல் வந்த மூன்றாம் பாகத்தில் கதை யானைக் கூட்டத்துக்கு மாறியது.

இவ்வரிசையில் பரவலாகப் பேசப்பட்ட இன்னொன்று 'எண்ட்லிங்'. பார்சிலோனாவின் ஹீரோபீட் ஸ்டூடியோஸ் 2022 ஜூலையில் இதை வெளியிட்டது. எரியும் காட்டிலிருந்து சினைநரி ஒன்று தப்பி ஓடுகிறது. வளைக்குள் நான்கு குட்டி ஈனுகிறது. உலகின் கடைசித் தாய் நரி அதுதான். ஒரு குட்டியை மனிதன் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். ஒவ்வோர் இரவும் தாய் வெளியே வரும்போது காட்டில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கிறது. மரம் வெட்டப்பட்டிருக்கிறது, ஆறு கறுத்திருக்கிறது, புதிதாக ஒரு பொறி வைக்கப்பட்டிருக்கிறது. பொழுதுபோக்கைத் தாண்டிய விளையாட்டுக்கான பாஃப்டா விருது 2023இல் இதற்குக் கிடைத்தது.

இவற்றையெல்லாம் ஆடியவர் ஒரு விஷயத்தை மறக்க மாட்டார். குகையில் தனியாகக் கிடக்கும் குட்டிக்குத் தாய் உண்டு. அவள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறாள், திரும்பி வருவதற்காகத்தான் ஓடுகிறாள் என்பது ஆடுபவருக்குத் தெரியும். அந்தத் தாயாக ஓடியவர் அவரே அல்லவா?

மெலாவாத்திக் குன்றின் பொன் குட்டி

கோலசிலாங்கூர் ஊருக்கு மேலே நிற்கிறது புக்கிட் மெலாவாத்தி. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், பழைய கோட்டையின் பீரங்கிகள், அகலக் கிளை விரித்த மழைமரங்கள். வார இறுதியில் குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறி வருகிறார்கள். அவர்களை வரவேற்பது லோத்தோங் என்று மலாயில் அழைக்கப்படும் இலைதின்னிக் குரங்கு. கருஞ்சாம்பல் உடல், மயிர் நுனியில் வெள்ளிப் பூச்சு, தலையில் கூம்பிய கொண்டை, நீண்ட வால்.

அந்தக் கறுத்த கூட்டத்தின் நடுவே ஒரு தாயின் மார்பில் நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு தெரியும். அதுதான் குட்டி. முகமும் கையும் வெளிறி, மயிர் மட்டும் தங்கம்போல் மின்னும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். லோத்தோங்கிற்கு அது பழமொழியே இல்லை, கண்முன்னால் இருக்கும் நிறம். சில மாதங்களில் அந்தப் பொன் மங்கித் தாயின் கருஞ்சாம்பல் ஏறிவிடும்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். அந்தக் குட்டி ஒரே மடியில் இருப்பதில்லை. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும் பெண் குரங்கு கை நீட்டுகிறது, தாய் விட்டுக்கொடுக்கிறாள். அது அணைத்துக்கொண்டு ஈரக் கண்ணைத் துடைப்பதுபோல் மயிரைக் கோதுகிறது. சிறிது நேரத்தில் மூன்றாவது ஒன்று வாங்கிக்கொள்கிறது. அனுபவமில்லாத இளம் பெண் என்றால் பிடிக்கத் தெரியாமல் தலைகீழாகத் தூக்கும், குட்டி கீச்சிடும், தாய் வந்து பறித்துக்கொள்வாள். இந்த இடைவெளியில்தான் தாய் தளிர் இலைகளைத் தேடி வயிறு நிரப்புகிறாள். இரையா, காவலா என்ற முடிச்சை லோத்தோங் கூட்டம் சேர்ந்தே அவிழ்க்கிறது. கூட்டத்தில் பலரின் கண்ணில் படுவதற்காகவே குட்டிக்கு இந்தப் பளிச்சென்ற நிறம் அமைந்திருக்கலாம் என்று விலங்கியலாளர் பலர் கருதுகிறார்கள்.

வடசிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போகும் தாய், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரம் வெட்டப் போனாள். வரிசையாகக் கட்டிய தொட்டில்களை ஆட்டியது வேறொரு பெண்ணின் கை. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மார்பு கனக்க அவள் ஓடி வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

மெலாவாத்திக் குரங்குகள் உலக அறிவியலுக்கும் பழக்கமானவை. அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பெர்ன்ஸ்டைன் 1968இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே கோலசிலாங்கூர் லோத்தோங் இடம்பெற்றிருக்கிறது. 1977இல் கேத்தரின் உல்ஃப், ஜான் ஃபிளீகல் இருவரும் இங்கே கண்ட இன்னொரு கடினமான உண்மையை வெளியிட்டார்கள். கூட்டத்தின் தலைமை ஆணை வெளியிலிருந்து வந்த ஆண் விரட்டி இடம் பிடித்தபோது, பழைய ஆணின் குட்டிகள் காணாமல் போயின. கழுகும் பாம்பும் மட்டுமே ஆபத்து அல்ல. தாய்க்குத் தன் இனத்துக்குள்ளும் எதிரி உண்டு. 2008இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் இந்தக் குரங்கைத் தனி வகையாகப் பிரித்த அறிஞர்கள், அதன் அறிவியல் பெயரில் சிலாங்கூரையே சேர்த்தார்கள்.

இப்படிப்பட்ட தாய்க்கு நாம் செய்வது என்ன? ரொட்டியும் வேர்க்கடலையும் நீட்டுகிறோம். லோத்தோங்கின் வயிறு பல அறைகள் கொண்டது. இலையை நொதிக்க வைத்துச் செரிக்கும்படி அமைந்தது. மாவும் சர்க்கரையும் அதற்குக் கேடு. தீனிக்காகச் சாலையில் இறங்கும் தாயின் மார்பில்தான் குட்டி தொங்குகிறது. கார் வரும் பாதையில் அவளை இறக்கியது நம் கையில் இருக்கும் பொட்டலம்.

மட்டை அடுக்கின் அடியில்

குன்றை விட்டு உள்நாட்டுப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்டது இந்த வட்டாரத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்று அன்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், தமிழ்ப் பெயரே தாங்கிய தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே 1917இல் அதைத் தொடங்கினார். நூறாண்டு கடந்துவிட்டது. காட்டுக்குப் பதிலாக வரிசை வந்தது. காட்டுத் தாய்கள் சில இந்த வரிசைக்குள்ளேயே பிழைக்கக் கற்றுக்கொண்டன.

அவற்றுள் ஒன்று மலாயில் கூச்சிங் பத்து எனப்படும் சிறுத்தைப் பூனை. வீட்டுப் பூனை அளவுதான். மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளிகள். செம்பனையின் உதிரிப்பழத்துக்கு எலி வருகிறது. எலிக்கு இந்தப் பூனை வருகிறது. சபாவில் ராஜரத்தினமும் அவருடைய குழுவினரும் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இதன் வாழ்க்கையைத் தெளிவாக்கியது. வேட்டைக்குச் செம்பனைத் தோட்டம். ஓய்வுக்கும் குட்டி போடுவதற்கும் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டு. இரைக்கும் குகைக்கும் நடுவே இத்தாய் ஒவ்வோர் இரவும் நடக்கிறாள். 'ஷெல்டர் 2'இன் லிங்க்ஸ் செய்வதும் இதே நடைதான்.

வழக்கமாக இரண்டு அல்லது மூன்று குட்டிகள். முதல் சில நாட்கள் கண்கூடத் திறந்திருக்காது. தாய்க்கு உதவ லோத்தோங்போல் அக்கம்பக்கத்துக் கைகள் இல்லை. ஆகவே அவள் கண்ட வழி ஒளித்து வைப்பது. வேர்ப்பொந்து, புதர், சில சமயம் வெட்டிய மட்டைகளை அடுக்கிவைத்த குவியலின் அடி. குட்டி சத்தமின்றிக் கிடக்கும். தாய் இருட்டியதும் போவாள்.

விடிந்ததும் பழம் வெட்ட வருபவர் மட்டையைப் புரட்டுகிறார். உள்ளே புள்ளிபோட்ட பூனைக்குட்டி. பாவம், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வருகிறார்; பால் பவுடர் கரைத்துக் கொடுக்கிறார். இரக்கம்தான் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றிரவு ஓர் எலியைக் கவ்விக்கொண்டு திரும்பும் தாய்க்குக் காலியான குழிதான் காத்திருக்கும். எண்ட்லிங்கில் குட்டியைத் தூக்கிப் போகும் மனிதனைப் பார்த்துக் கொதிக்கும் இளைஞர், அதையே தன் வீட்டு முற்றத்தில் செய்கிறார்.

தோட்டத்துக்குள் இன்னொரு தாய், பெட்டிக்குள் குடியிருக்கிறாள். எலியைக் கட்டுப்படுத்தத் தோட்ட நிர்வாகங்கள் கம்பத்தில் மரப்பெட்டி பொருத்திக் கூகையை வளர்க்கின்றன. வெள்ளை முகமும் இதய வடிவ வட்டமும் கொண்ட ஆந்தை அது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களிலும் இதைக் காணலாம். இங்கே முடிச்சை அவிழ்ப்பது கணவன்: பெண் முட்டைமேல் உட்கார்ந்திருக்க, ஆண் இரவெல்லாம் எலி பிடித்து வந்து கொடுக்கும். பெண் முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் வெவ்வேறு நாளில் பொரிகின்றன. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். எலி தாராளமாகக் கிடைத்தால் எல்லாம் வளரும். குறைந்தால் முந்தியது தின்னும், கடைசிக் குஞ்சு சாகும். ஷெல்டரில் வெளிறிப்போகும் ஐந்தாவது குட்டியின் கதை அப்படியே.

அதே எலியில் விஷம் இருந்தால்? வீரியம் கூடிய எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடும், எளிதில் பிடிபடும். அதைத் தின்னும் கூகையின் உடலிலும் மருந்து சேர்கிறது. 1980களிலேயே மலேசியத் தோட்ட ஆய்வுகள் இதைப் பதிவுசெய்தன. தந்தை தேடிக் கொண்டுவந்த இரையே கூட்டை அழித்துவிடுகிறது. கூகையையும் வைத்து, வீரிய மருந்தையும் வைப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும்.

கடைசித் தாயின் வட்டாரம்

எண்ட்லிங் என்ற சொல்லுக்கு, ஓர் இனத்தில் மிஞ்சியிருக்கும் கடைசி உயிர் என்று பொருள். வடசிலாங்கூருக்கு அச்சொல் கற்பனை அல்ல.

உலு சிலாங்கூரில் சுங்கை டூசுன் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. சுமத்ரா காண்டாமிருகத்தைக் காப்பாற்றவென ஒரு காலத்தில் அங்கே இனப்பெருக்க மையம் நடந்தது. ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. 2003இன் இறுதியில் சில வாரங்களுக்குள் அங்கிருந்த ஐந்தும் நோயால் இறந்தன. நாட்டின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமான இமான், சபாவில் 2019 நவம்பர் 23ஆம் நாள் இறந்தது. அது பெண். அதனிடமிருந்து கருமுட்டை எடுத்துப் பார்த்தார்கள், தாயாக்க முடியவில்லை.

அதே சுங்கை டூசுன் இன்று தெனுக் எனப்படும் தாப்பிரின் காப்பு மையமாக இயங்குகிறது. முன்பாதியும் கால்களும் கறுப்பு, தோளுக்குப் பின்னால் பிட்டம் வரை வெள்ளை, குட்டித் தும்பிக்கைபோல் நீண்ட மூக்கு. இதன் தாய்மை மிக மெதுவானது. கர்ப்பகாலம் சுமார் 13 மாதம், ஒரே குட்டி. குட்டியின் உடல் முழுவதும் வெள்ளைக் கோடும் புள்ளியும், காட்டுத் தரையில் சிதறிய வெயில்போல. அது அசையாமல் மறைவில் கிடக்கும். தாய் மேய்ந்துவிட்டு வருவாள். சில மாதங்களில் அந்தக் கோடுகள் மறையும். இனம் அழியும் ஆபத்தில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைப் பட்டியலிட்டிருக்கிறது. பல ஆண்டுகளாக இதன் பெரிய எதிரிகளில் ஒன்று சாலை. கண் பார்வை மங்கிய விலங்கு. இருட்டில் உடலின் கறுப்புப் பகுதி ஓட்டுநரின் கண்ணில் படாது. சாலையில் ஒரு தாய் விழுந்தால், புதருக்குள் அசையாமல் கிடக்கும் குட்டியைத் தேட வேறு யாரும் இல்லை.

விளையாட்டில் வரும் காட்டுத் தீயும் இங்கே உண்டு. ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக் காடுகள் அடங்கிய வடசிலாங்கூர் கரிச்சதுப்பு நிலக்காடு 80,000 ஹெக்டருக்கு மேல் பரந்தது. கால்வாய் வெட்டி நீரை வடித்த இடங்களில் கரிமண் காய்ந்தது. காய்ந்த கரிமண்ணில் தீ மேலே அணைந்தாலும் அடியில் நாள்கணக்கில் புகையும். வளைக்குள் குட்டி வைத்த தாய்க்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் ஊர் மக்களும் ராஜா மூசாவில் கால்வாய்களை அடைத்து, நீரைத் தேக்கி, மரம் நட்டு வருகிறார்கள். இரண்டாவது வாய்ப்பு தராத விளையாட்டில் அவர்கள் வாய்ப்பை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் கையில் இருப்பது

மலேசிய இளைஞர்களுக்குக் கணினி விளையாட்டு உருவாக்கும் திறமை இருக்கிறது. கோலாலம்பூரின் மெட்ரொனொமிக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'நோ ஸ்ட்ரைட் ரோட்ஸ்' உலகச் சந்தைக்குப் போனது. பனிக்காட்டு லிங்க்ஸுக்கு அழுத நம் பிள்ளைகளுக்கு, செம்பனை வரிசையில் நடக்கும் சிறுத்தைப் பூனையாகவும், நெடுஞ்சாலை ஓரம் தயங்கி நிற்கும் தெனுக்காகவும் ஆட ஒரு விளையாட்டு வேண்டும். களம் இங்கேயே இருக்கிறது. கதையும் இங்கேயே இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவிலோ கோலசிலாங்கூரிலோ படிக்கும் ஒரு மாணவர் அதை எழுதத் தொடங்கலாம்.

அதுவரை செய்ய வேண்டியவை சில. மெலாவாத்தியில் ஏறும்போது தீனிப் பொட்டலத்தை வாங்காதீர்கள். குட்டியைக் கண்ணால் பாருங்கள், போதும். காட்டோரத் தோட்டச் சாலையில் இரவில் வேகத்தைக் குறையுங்கள். தோட்டப் பொறுப்பில் இருப்பவர்கள் கூகைப் பெட்டி இருக்கும் இடத்தில் வீரிய எலி மருந்தை நிறுத்துங்கள்.

மட்டை அடுக்கின் அடியிலோ புதர் ஓரத்திலோ ஒரு குட்டி தனியாகக் கிடந்தால் தொடாதீர்கள். மட்டையை மெல்ல மூடிவிட்டு, அந்த வரிசையை அன்றைக்கு விட்டு, அடுத்த வரிசைக்குப் போங்கள். நாயை அருகில் விடாதீர்கள். குட்டிக்குக் காயம் இருந்தாலோ, பக்கத்தில் தாய் இறந்து கிடந்தாலோ பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதியின்றி வீட்டில் வைப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காயமும் இல்லை, சடலமும் இல்லை என்றால், அதன் தாய் இரை தேடப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வரும்போது குட்டி அங்கேயே இருக்கட்டும்.